சட்டத்தின் பெயரால் வீழ்ந்த தஞ்சை

தஞ்சை மராத்திய அரசு, 1855 அக்டோபர் 29இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததால் தானாகவே முடிவுற்றது என்று சொல்லிவரும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு பறிப்புக்கும் ஒரு சட்டத்தைக் காட்டி, தேவை மாறியபோது அதே சட்டத்தைத் தலைகீழாகப் படித்து, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திவந்த அபகரிப்பின் கடைசிக் கட்டமே அம்முடிவு.

1773இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்காகக் கம்பெனிப் படைகள் தஞ்சைக் கோட்டையைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தன. லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி 1776இல் நாட்டை அவரிடம் திருப்பிக்கொடுத்த சென்னை ஆளுநர் பிகட்டையோ, நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லித் தஞ்சை விளைச்சலையே ஈடாகக் கோரிய பால் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்த ஆலோசனைக் குழுவினர் கைதுசெய்தனர். மறு ஆண்டில் அவர் காவலிலேயே இறந்தார். தம் ஆளுநரையே சிறையிட்டவர்கள் தஞ்சை மன்னரின் உரிமையை மதித்திருப்பார்கள் என்று எவர் நம்புவார்?

இவற்றினும் கொடியது தத்து விவகாரம். தத்து அல்லது சுவீகாரம் என்பது, பிறர் பிள்ளையைச் சாத்திர முறைப்படி தன் பிள்ளையாக்கி, பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகளை அவனுக்கு வழங்குவதாகும். துளஜா 1787இல் இறக்குமுன் சரபோஜியைத் தத்தெடுத்திருந்தும், கம்பெனி பண்டிதர்களின் கருத்தைக் கேட்டு, அத்தத்து செல்லாது என்று முடிவுசெய்து துளஜாவின் சகோதரர் அமர்சிங்கை அரியணையில் அமர்த்தியது. 1798இல் வேறு பண்டிதர்களின் கருத்தைப் பெற்று, அதே தத்து செல்லும் என்று அறிவித்து அமர்சிங்கை இறக்கிச் சரபோஜியை ஏற்றியது. பதினோராண்டுகளில் சாத்திரம் மாறவில்லை. கம்பெனியின் தேவையே மாறியிருந்தது. அத்தேவை எதுவென்பதை 1799ஆம் ஆண்டு உடன்படிக்கை வெளிப்படையாகவே காட்டுகிறது: காவிரிப் படுகையின் நெல்வளம் கொழிக்கும் நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போக, அரசருக்குக் கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் நட்சத்திர வராகனும் (அக்காலப் பொன் நாணயம்), நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே எஞ்சின. தத்துப்பிள்ளையின் கையொப்பத்தால் ஒரு நாட்டையே பெற்றுக்கொண்ட இதே கம்பெனிதான், 1848இல் சதாராவிலும் 1854இல் ஜான்சியிலும் தத்துப்பிள்ளைக்கு அரசுரிமை இல்லை என்று வாதாடியது என்பதை அவையோர் மறக்கலாகாது.

1855இல் இரண்டாம் சிவாஜி இறந்தபோது, ஆண் வாரிசற்ற மன்னரின் நாடு மேலாதிக்க அரசையே சேரும் என்னும் தலைமை ஆளுநர் டல்ஹவுசியின் வாரிசிழப்புக் கொள்கை ஆயத்தமாக நின்றது. அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருக்கும் ரெசிடென்ட் பதவியிலிருந்த ஃபோர்ப்ஸே மன்னரின் மகளை வாரிசாக ஏற்குமாறு பரிந்துரைத்தார். இந்து அரசரின் மகளுக்கு அரசுரிமை எந்தச் சட்டத்திலும் வழக்கத்திலும் இல்லையென்று இயக்குநர்கள் 1856இல் மறுத்தனர். இதே மராத்திய மரபில் 1737-38இல் சுஜான்பாய் என்னும் அரசி தஞ்சையை ஆண்டிருக்க, வழக்கமே இல்லையென்று சொல்ல அவர்களுக்கு எப்படித் துணிவு வந்தது?

அதோடும் நிற்கவில்லை. 1856 அக்டோபரில் அந்த ஃபோர்ப்ஸே படையோடு அரண்மனைக்குள் நுழைந்து, மன்னரின் சொந்த உடைமைகளையும் கைப்பற்றி முத்திரையிட்டார். நாடு அரசுக்குரியது என்றே வைத்துக்கொண்டாலும், கணவன் விட்டுச்சென்ற சொத்து மனைவியருக்கு உரியதன்றோ? மூத்த அரசி காமாட்சிபாய் இதே கேள்வியோடு சென்னை உச்ச நீதிமன்றத்தை நாடினார். அந்நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் பேரரசின் இறுதி முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அத்தீர்ப்பை மாற்றியது. கம்பெனி செய்தது அரசுச் செயல், அதாவது ஓர் இறையாண்மை அரசு மற்றோர் அரசின்மீது தன் அதிகாரத்தால் செய்யும் செயல். அது நியாயமோ அநியாயமோ, நீதிமன்றம் ஆராய இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மன்னரிடமிருந்து நாட்டை எடுக்கும்போது சட்டத்தைத் தூக்கிப்பிடித்தவர்கள், கைம்பெண்கள் அதே சட்டத்தின் துணையை நாடியபோது, இது சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று கதவடைத்தார்கள். 1862இல் அவ்வுடைமைகளை அரசியருக்குத் திருப்பிக் கொடுத்தபோதும், உரிமையென்று ஒப்புக்கொள்ளாமல் சலுகையாகவே கொடுத்தார்கள். கோட்டையையும் அரசையும் பற்றிப் பேச்சே எழவில்லை.