பக்கத்து ரயிலில் ஒரு கொலை



இரண்டு ரயில்கள் அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஒரே திசையில் ஓடும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பக்கத்து ரயில் நம்மை மெல்ல முந்தும். அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நம்மைக் கடந்துபோகும். ஒன்றில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்குவார்; இன்னொன்றில் ஒரு குழந்தை நாக்கை நீட்டிக் காட்டும். முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து கிளம்பிய ரயிலில் ஒரு வயதான அம்மாள் இப்படித்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். பக்கத்து ரயிலில் ஒரு ஜன்னலின் திரை சடாரென்று மேலே சுருண்டுகொள்கிறது. உள்ளே ஒருவன். முதுகு மட்டும்தான் தெரிகிறது. அவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த கணம் அந்த ரயில் வேகமெடுத்துப் போய்விடுகிறது.

பதறிப்போய் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்கிறார். அவர் அம்மாளையும் பார்க்கிறார், அம்மாள் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலையும் பார்க்கிறார். கண்ணயர்ந்து கனவு கண்டிருப்பார் என்று முடிவு கட்டிவிடுகிறார். போலீஸும் தேடிப் பார்த்துவிட்டு, பிணம் எதுவும் கிடைக்கவில்லை என்று கையை விரிக்கிறது.

இது 1961ஆம் ஆண்டு வெளிவந்த 'மர்டர், ஷி செட்' என்ற பிரிட்டிஷ் கறுப்பு-வெள்ளைப் படம். இயக்கியவர் ஜார்ஜ் பொல்லாக். அகதா கிறிஸ்டி 1957இல் எழுதிய '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவலிலிருந்து எடுத்தது. அந்த அம்மாள், கிறிஸ்டி படைத்த துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள். நடித்தவர் மார்கரெட் ரதர்ஃபோர்ட். அப்போது அவருக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

நாவலில் கொலையைப் பார்ப்பவர் மிஸ் மார்ப்பிள் இல்லை, அவருடைய தோழி. சந்தேகத்துக்கு இடமான பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்ந்து துப்புத் துலக்குபவளும் வேறொருத்தி, ஓர் இளம்பெண். மிஸ் மார்ப்பிள் உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசிப்பார். படம் எடுத்தவர்கள் அந்த மூன்று பேரின் வேலையையும் ரதர்ஃபோர்டின் தலையில் கட்டிவிட்டார்கள். இது கிறிஸ்டிக்குச் செய்த துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கொலையைக் கண்ணால் பார்த்தவரையே யாரும் நம்பவில்லை. அதனால் அவரே கிளம்பிவிடுகிறார். தண்டவாளத் தொழிலாளி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ரயில்பாதை ஓரமாகத் தேடுகிறார். கூடவே, தொடை நடுங்கிக்கொண்டு, ஊர் நூலகர் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர். பாதையை ஒட்டி ஏக்கன்தார்ப் குடும்பத்தின் மாளிகை இருக்கிறது. பிணம் அந்த வளாகத்துக்குள்தான் விழுந்திருக்க வேண்டும். அங்கே வேலைக்காரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

வீட்டு எஜமானர், எல்லோர் மேலும் எரிந்து விழும் ஒரு கிழவர். ஜேம்ஸ் ராபர்ட்ஸன் ஜஸ்டிஸ் தாடியும் கட்டைக் குரலுமாக அந்தப் பாத்திரத்தில் அமர்க்களப்படுத்துகிறார். படுக்கையில் கிடந்தபடி அவர் கத்துவார். வேலைக்காரி அதைவிட ஒரு பிடி கூடுதலாகவே திருப்பிக் கொடுப்பார். இவர்களுக்கு நடுவே பேரன் அலெக்ஸாண்டர், வயதுக்கு மீறிய வாய். கொலை விசாரணையை மறந்துவிட்டு இந்த மூன்று பேரின் வாய்ச்சண்டையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ரதர்ஃபோர்ட் சிரிக்க வைக்கிறார் என்றால், தான் சிரிக்க வைப்பதாக அவருக்கே தெரியாத மாதிரி வைக்கிறார். உதடு துடிக்கும், தாடை ஆடும், கண் உருளும். ஆனால் முகத்தில் அத்தனை அக்கறை. செத்துப்போன அந்தப் பெண்ணைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுவது அவர் ஒருவர்தான் என்று நமக்குத் தோன்றிவிடும். ரான் குட்வின் போட்ட துள்ளல் இசையும் அவர் நடைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

துப்பறியும் கதையாக மட்டும் பார்த்தால் படம் கொஞ்சம் சுமார்தான். வாரிசுகள் யார் யார் என்று நிதானமாகத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு பேர் காலி. கொலைகாரன் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த மாளிகையின் சமையலறையில் மிஸஸ் கிடர் என்று ஒரு வேலைக்காரப் பெண் வருவார். அவர் மீது ஒரு கண் இருக்கட்டும். நடித்தவர் ஜோன் ஹிக்ஸன். 1984 முதல் 1992 வரை பிபிசி தொலைக்காட்சியில் மிஸ் மார்ப்பிளாகவே வந்து பேர் வாங்கியவர். ஆக, இந்தப் படத்தில் ஒரே சமையலறையில் இரண்டு மார்ப்பிள்கள்.

ரதர்ஃபோர்ட் இந்த வேடத்தைச் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. கொலைக் கதை என்றாலே அவருக்கு ஒவ்வாது. அவர் குடும்பத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் இதில் வியப்பில்லை. அவருடைய தந்தை வில்லியம் பென், மனநோயின் பிடியில் இருந்த நாளில், 1883இல், தன் தந்தையான பாதிரியார் ஜூலியஸ் பென்னையே அடித்துக் கொன்றவர். பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் இருந்து வெளியே வந்தபின் பென் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு ரதர்ஃபோர்ட் ஆனார். மகள் 1892இல் பிறந்தாள். கைக்குழந்தையோடு தம்பதி கப்பலேறி வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம் மதராஸ். பின்னாளில் உலகமே பார்த்துச் சிரித்த அந்த முகம், தன் முதல் ஆண்டுகளை இங்கேதான் கழித்தது. இங்கேதான் அவர் தாயும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை இங்கிலாந்துக்குத் திரும்பி, விம்பிள்டனில் சித்தி வீட்டில் வளர்ந்தது. தந்தை மறுபடியும் பிராட்மூருக்கே போனார். அவர் இறந்துவிட்டார் என்றுதான் சிறுமியிடம் சொல்லியிருந்தார்கள். அது பொய் என்று பிற்பாடு தெரியவந்தது. அந்த நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் கடைசி வரை அவரை விடவில்லை. மனச்சோர்வில் விழுந்து எழுந்த நாட்கள் பல.

ரதர்ஃபோர்ட் மார்ப்பிளாக நடித்த படங்கள் கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. பின்னால் வந்த மூன்று படங்களில் இரண்டு, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோ வரும் நாவல்களை மார்ப்பிளுக்கு மாற்றி எடுத்தவை. மூன்றாவது கிறிஸ்டி எழுதாத கதை. ஆனாலும் 1962இல் வந்த தன் மார்ப்பிள் நாவலை ரதர்ஃபோர்டுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். படத்தோடுதான் சண்டை, நடிகையோடு இல்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தொடைநடுங்கி நூலகர் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் கிறிஸ்டியின் எந்தக் கதையிலும் கிடையாது. படத்துக்காகவே உண்டாக்கிய பாத்திரம். நடித்தவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ், 1945இல் ரதர்ஃபோர்டை மணந்த கணவர். படத்தின் முடிவில் அந்தக் கிழ எஜமானர், கத்திக் கத்தி ஓய்ந்து, வேலைக்காரியிடமே தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்பார். மிஸ் மார்ப்பிள் மறுத்துவிடுவார். மறுக்கும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள்.

மார்கரெட் ரதர்ஃபோர்ட் 1972 மே மாதம் காலமானார். ஸ்ட்ரிங்கர் டேவிஸ் அடுத்த ஆண்டே போய்விட்டார். ஜெரார்ட்ஸ் கிராஸ் என்ற ஊரின் தேவாலய வளாகத்தில் இருவரையும் ஒன்றாகவே அடக்கம் செய்திருக்கிறார்கள்.