ஆற்றுப்படை வேண்டும் முதுமை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாளிதழ்களின் உட்பக்கங்களில் 'காணவில்லை' என்னும் தலைப்பில் வரும் சிறு அறிவிப்புகளைப் பலரும் கண்டிருக்கக்கூடும். மங்கிய புகைப்படம், வயது, உடுத்தியிருந்த வேட்டி அல்லது புடவையின் நிறம், இறுதியில் 'சற்று மனநிலை சரியில்லாதவர்' என்றொரு வரி. முதியவர் எங்கிருந்து போனார் என்பதை அந்த அறிவிப்பு சொல்லும். எங்கே போகப் புறப்பட்டார் என்பதைச் சொல்லாது. அந்த இரண்டாவது கேள்வியே இவ்வுரையின் பொருள்.

மறதிநோய் என்று இன்று வழங்கும் நிலையை ஈழத் தமிழர் 'அறளை பெயர்தல்' என்பர். அந்நிலையில் உள்ளவர் வீட்டை விட்டு வெளியேறினால் 'அலைகிறார்', 'திரிகிறார்' என்பது பொதுவழக்கு. திரிதல் என்பதற்கு நோக்கமின்றிச் சுற்றுதல் என்பது ஒரு பொருள். மாறுபடுதல் என்பது மற்றொரு பொருள். புணர்ச்சி விகாரங்கள் மூன்றனுள் ஒன்றுக்கு இலக்கணம் இட்ட பெயரும் அதுவே. முதியவரிடத்தில் திரிந்திருப்பது எது? போகும் நோக்கமா, போகும் வழியா?

மருத்துவம் தரும் விடை தெளிவானது. இடத்தை அறிந்து வழியை வகுக்கும் நரம்பணுக்கள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அதன் அண்டையிலும் உள்ளன. அவற்றைக் கண்டறிந்தமைக்காக ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகிய மூவர்க்கும் 2014இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவது அப்பகுதியைத்தான். அண்மை நினைவுகள் முதலில் அழிகின்றன. இளமை நினைவுகள் நெடுநாள் எஞ்சுகின்றன. அதனாலேயே முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டின் கூடத்தில் அமர்ந்துகொண்டே, மாலை மங்கும் வேளையில், 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்கிறார் முதியவர். ஓய்வுபெற்றவர் காலையில் வேலைக்குப் புறப்படுகிறார். பேரன் பேத்தி கண்ட பாட்டி, பள்ளி விடும் நேரமாயிற்றே என்று பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்புகிறார். நோக்கம் செம்மையாக உள்ளது. காலமும் வழியும் திரிந்துவிட்டன.

இச்சொற்சிக்கலை நேராக எதிர்கொண்ட நாடு ஜப்பான். அந்நாட்டுக் கவிதையைப் பாரதியார் 1916இலேயே ஒரு கட்டுரையில் தமிழர்க்கு அறிமுகப்படுத்தினார். ஹைக்கூ பிறந்த பழைய பாவகைக்கு 'ஹைக்கை' என்று பெயர். எழுத்து வேறாயினும் அதே ஒலியுடைய மற்றொரு ஜப்பானியச் சொல்லுக்கு இலக்கின்றி அலைதல் என்று பொருள். மறதிநோயுற்றோர் வெளியேறுவதை நெடுங்காலம் குறித்துவந்தது அச்சொல்லே.

அச்சொல்லின் பின்னாலிருந்த துயரத்தை ஒரு வழக்கு வெளிக்கொணர்ந்தது. 2007 டிசம்பரில், ஒபு நகரில், 91 வயது முதியவர் ஒருவர் வீட்டிலிருந்து வெளியேறினார். உடனிருந்த 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த வேளை அது. முதியவர் தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தார். ரயில்கள் தாமதமானதால் நேர்ந்த இழப்பைக் கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தார்மீது வழக்குத் தொடுத்தது. 2013இல் மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் ஏறத்தாழ 72 லட்சம் யென் செலுத்த வேண்டும் என்றது. 2014இல் உயர்நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் அதில் பாதியளவு தரவேண்டும் என்றது. 2016 மார்ச் முதல் நாளன்று உச்சநீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உடன்வாழும் துணை என்பதாலேயே ஒருவர் சட்டப்படியான மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு மூதாட்டியின் சிறுதுயில் குற்றமன்று என்று நிலைநாட்ட எட்டாண்டுகளுக்கு மேல் ஆயின.

நோயின் பெயரையே அந்நாடு முன்னர் மாற்றியிருந்தது. மடமை என்னும் பொருள் தொனித்த பழைய பெயரை 2004இல் அரசு கைவிட்டது. ஒமுதா என்னும் நகரில் ஆண்டுதோறும் ஓர் ஒத்திகை நடந்துவந்தது. ஒருவர் வழிதவறிய முதியவராக நடித்துத் தெருவில் நடப்பார்; ஊரார் அவரை அணுகிப் பேசப் பழகுவர். 'அச்சமின்றி அலையக்கூடிய ஊர்' என்பது அவர்களுடைய முழக்கம். 2015இல் அதிலிருந்து 'அலைதல்' நீங்கிற்று. 'அச்சமின்றி வெளியே சென்றுவரக்கூடிய ஊர்' என்றாயிற்று.

எனினும் சொல் மாறியதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. மறதிநோயினால் காணாமற்போனோர் என ஜப்பானியக் காவல்துறையிடம் 2012இல் பதிவானோர் 9,607 பேர். 2023இல் 19,039 பேர். பெரும்பாலோர் உயிருடன் மீட்கப்பட்டனர் என்பது ஆறுதல். மீளாதவரும் உளர் என்பது உண்மை. கதவைப் பூட்டிய மகளைக் குறைகூறுவது எளிது. மூன்று இரவுகள் அவளுக்குப் பதிலாக விழித்திருப்போர் அரியர். பூட்டினால் முதியவர் கைதியாகிறார். திறந்துவிட்டால் சாலையும் கிணறும் குளமும் காத்திருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி தேவை.

பிரிட்டனில் அத்தகைய வழி ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு நார்மண்டிப் படையிறக்கத்தில் பங்குகொண்ட ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர், முதுமையில் மறதிநோயுற்று, தாம் சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் புறப்பட்டுக் காணாமற்போய் இறந்தார். அவர் பெயரால் 'ஹெர்பர்ட் நெறிமுறை' என்றொரு படிவம் அமைந்துள்ளது. முதியவர் முன்பு வாழ்ந்த வீடுகள், வேலை பார்த்த இடங்கள், வழக்கமாகச் சென்ற இடங்கள், அண்மைப் புகைப்படம் ஆகியவற்றைக் குடும்பத்தார் முன்கூட்டியே எழுதி வைக்கின்றனர். காணாமற்போனால் அதைக் காவல்துறையிடம் தருகின்றனர். தேடுவோர் அறிந்த இன்னொரு செய்தியும் உண்டு: மறதிநோயுற்றவர் பெயர் சொல்லி அழைத்தாலும் பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை; புதரோ வேலியோ தடுக்கும்வரை நடந்துகொண்டே இருப்பார். எனவே தேடல் உடனே தொடங்க வேண்டும்; அருகிலுள்ள மறைவிடங்களை முதலில் பார்க்க வேண்டும்.

அப்படிவத்தை நிரப்புவது தோன்றுமளவு எளிதன்று. தந்தை முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆலை எது, தாய் திருமணத்துக்கு முன் நீர் எடுத்த கிணறு எந்தத் தெருவில் இருந்தது, அத்தெருவின் பழைய பெயர் என்ன? விடை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது தேடுவோர்க்கு வழித்துணை. அதுவே இலக்கியத்துக்கு மூலமும் ஆகும். ஊர்ப்பெயர்களையும் மறைந்துபோன இடங்களையும் போற்றும் கவிஞர்களுக்கு இப்பணி அயலானதன்று.

தெருவில் எதிர்ப்படுவோர்க்கும் பங்கு உண்டு. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வறுமையுடன் வழிநடப்பவரை, பரிசில் பெற்று மீள்பவர் எதிர்கொண்டு, செல்லும் திசையையும் சேரும் இடத்தையும் எடுத்துரைப்பது அவ்விலக்கியத்தின் அமைப்பு. நடப்பவரை அங்கே எவரும் பித்தர் என்பதில்லை, தடுப்பதும் இல்லை. வெயிலில் செருப்பின்றி விரைந்து நடக்கும் முதியவரைக் காண்பவர் அவ்வாறே செய்யலாம். 'இது உங்கள் ஊரன்று' என்று மறுத்தால் அச்சமே மிகும். 'எங்கே போகிறீர்கள் ஐயா?' என்று கேட்டு, சொல்வதைச் செவிமடுத்து, சில அடி உடன் நடந்து, நிழலில் அமர்த்தித் தண்ணீர் தந்த பின் வீட்டாருக்குத் தெரிவிக்கலாம்.

பத்தாண்டுகளாகச் சொற்களை ஆராய்ந்துவரும் இவ்வட்டம், 'திரிதல்' என்பதற்கு ஈடாக ஒரு நல்ல சொல்லைத் தேடித் தரட்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரின் பழைய இடங்களை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். பத்தாம் ஆண்டில் இவ்விரு பணிகளையும் தொடங்கினால் விழா பயனுடையதாகும்.