வாத்துக்கால் குறி

வெள்ளைக்காரர் தேசங்களில் தீண்டாமை இருந்ததில்லை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரினீஸ் மலையின் மேற்குக் கோடியைப் பாருங்கள். அங்கே பாஸ்குகளும், அவர்களுக்கு வடக்கே காஸ்கனியரும் வாழ்கின்றனர். இருவருக்கும் பாஷை வேறு. ஆனால் ஒரு கூட்டத்தாரை ஒதுக்கி வைப்பதில் மாத்திரம் பல நூற்றாண்டுகள் ஒற்றுமையாயிருந்தார்கள். அக்கூட்டத்தாரைக் காஸ்கனியர் காகோ என்றும், பாஸ்குகள் அகோத் என்றும் அழைத்தனர்.

காகோக்கள் ஊருக்குப் புறம்பே குடியிருந்தார்கள். மாதா கோவிலில் அவர்களுக்குத் தனியான சிறு வாசல். தனித் தீர்த்தத் தொட்டி. மந்திரித்த ரொட்டியைக் குச்சி நுனியில் நீட்டுவதும் உண்டாம். அவர்களுக்கு விடப்பட்ட பிழைப்பு பெரும்பாலும் தச்சுவேலையே. 1379-ல் காஸ்தோன் பேபுஸ் என்னும் பிரபு தமது மோந்தனே கோட்டையின் மரவேலைக்கு இவர்களையே அமர்த்தினார். கோட்டைக்கு உத்திரம் ஏற்றிய கை தீட்டில்லை. கோவில் தண்ணீரைத் தொட்டால் மாத்திரம் தீட்டு!

காரணம் என்னவென்றால் ஒருவர் குஷ்டரோகிகளின் வம்சம் என்பார். மற்றொருவர் அந்நிய மதத்தாரின் வம்சம் என்பார். இன்னொருவர் சிலுவை செய்த தச்சரின் வம்சம் என்பார். ஒன்றுக்காவது ருஜு கிடையாது. நிறம், பாஷை, மதம் எல்லாம் அயலாருடையவையே. ஆகவே அடையாளம் தெரிவதற்காக, வாத்துக்காலைப் போன்ற சிவப்புத் துணியைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவிட்டார்கள். பிறவியிலேயே இழிவு இருந்திருந்தால் அதைத் துணியில் தைப்பானேன்?

நவார் நாட்டு அகோத்துகள் போப் பத்தாம் லியோவுக்கு மனுச் செய்துகொண்டார்கள். 1515-ல் அவர்களை மற்றவரைப் போலவே நடத்தும்படி போப் கட்டளையிட்டார். போப்பின் வாக்கே வேதம் என்ற பாதிரிகள் இந்த வாக்கை மாத்திரம் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 1600-ல் துலூஸ் நகர வைத்தியர்கள் காகோக்களைச் சோதித்து, வியாதி எதுவுமில்லை என்றனர். அதற்கும் ஊரார் அசையவில்லை.

1789 புரட்சி, பிரான்சில் மனிதர் யாவரும் சமம் என்று சட்டத்தில் எழுதியது. அதன் பின்னும் பெண் கொடுக்கல் வாங்கல் எளிதில் வரவில்லை. ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைத்துக் கலந்து மணந்த பிறகே அந்த வித்தியாசம் அழிந்தது. சில கோவில்களில் அச்சிறு வாசல்களை இன்றும் காணலாம். சில கல் வைத்து அடைக்கப்பட்டுக் கிடக்கின்றன.

தோழர்களே! வேதவாக்கும், வைத்தியர் சாட்சியும், சட்டமும் தனித்தனியே அசைக்க முடியாததைக் கலப்பு மணம் அழித்தது. தைக்கப்பட்ட குறியைப் பிரித்தெறிய மனிதர் கையாலேயே முடியும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.