ஹாலோவீனும் பேரக்குழந்தைகளும்

அமெரிக்காவில் பேரக்குழந்தைகளுடன் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் 31 அங்கே ஹாலோவீன். அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் அது பரங்கிக்காய் ஆயிற்று. குழந்தை பேய் வேஷம் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தெருவில் வரும் கார்தான் ஆபத்து. 42 வருட விபத்துக் கணக்கை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, அன்று மாலை சாலையில் நடப்பவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம் 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு. ஆகவே உடையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள். கையில் டார்ச் கொடுங்கள். கண்ணை மறைக்கும் முகமூடி வேண்டாம். மிட்டாயை வீட்டில் பார்த்த பிறகே கொடுங்கள்: கெட்டி மிட்டாய் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும், கம்மி மிட்டாய் பலவற்றில் ஜெலட்டின் உண்டு, அது பிராணிகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. முக்கியமாக, கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.