மூக்கடைப்பை அளப்பது எப்படி?
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிராணாயாமம் பழகத் தொடங்குவோர் பலர் முதலிற் சொல்லும் குறை, "ஒரு மூக்கு அடைத்திருக்கிறது" என்பதாகும். அது மெய்யான அடைப்பா, வெறும் உணர்வா? இதை அறியாமலே நம்மிற் சிலர் மாதக்கணக்கில் துளிமருந்து விடுகிறோம். சிலர் சத்திரசிகிச்சைக்கே ஆயத்தமாகிறோம்.

உணர்வு மட்டும் தக்க அளவுகோலன்று. மெந்தோல் தைலத்தை முகர்ந்தவுடன் மூக்குத் திறந்துவிட்டதாகத் தோன்றும். அளந்து பார்த்தாலோ காற்றுத்தடை குறைந்திராது. குளிர்ச்சியை அறியும் நரம்புகள் தூண்டப்படுவதே காரணம்.

அளக்கும் முறைகளுட் பழையது கண்ணாடி முறை. ஒல்லாந்து அறிஞர் சுவார்டமேக்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், குளிர்ந்த கண்ணாடியை மூக்கின்கீழ்ப் பிடித்து, அதிற் படியும் இரு ஆவித்திட்டுக்களின் பரப்பை ஒப்பிட்டார். எளிய முறைதான், ஆயினும் மூச்சின் வேகமும் காற்றின் ஈரமும் அதனை மாற்றிவிடும்.

இரண்டாவது, முகமூடி அணிந்து, வாயை மூடி, மூக்கால் வலிந்து மூச்சிழுக்கும் முறை. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று கருவி காட்டும். மலிவானது, ஆனால் இழுப்பவரின் நெஞ்சு வலிமையும் முயற்சியும் அதிற் கலந்துவிடும்.

மூன்றாவது தடையளவை. அமுக்க வேறுபாட்டையும் காற்றோட்டத்தையும் ஒருங்கே அளந்து, பெரும்பாலும் 150 பாஸ்கல் அமுக்கத்தில் தடையைக் கணிப்பர்.

நான்காவது, டென்மார்க்கு ஆய்வாளர் ஹில்பேர்க் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஒலிமுறை. மூக்கினுள் ஒலியைச் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியால் வழி எவ்விடத்தில் ஒடுங்கியுள்ளது என்றறிவர்.

எக்கருவியாயினும் ஒரு பக்கத்தை ஒருமுறை அளந்து முடிவு கூறலாகாது. இரு நாசிகளும் சில மணி நேரத்துக்கொருமுறை மாறிமாறி ஒடுங்கி விரிவதைக் கைசர் என்ற ஜேர்மானியர் 1895இல் விவரித்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சு மாறி ஓடுவதை நம் யோக நூல்களும் கூறுகின்றன. ஆகவே இரு பக்கமும் சேர்த்து அளத்தல் வேண்டும். வீக்கம் வற்றச்செய்யும் மருந்திட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். மருந்தினால் தடை நன்கு குறைந்தால் உட்சவ்வின் வீக்கமே பெரிதும் காரணம். குறையாவிடின் எலும்பிலோ குருத்தெலும்பிலோ கோணல் உண்டா என ஆராய்வர்.

அன்பர்களே, வைத்தியரின் ஆலோசனையின்றி வற்றச்செய்யும் துளிமருந்தை நாட்கணக்கில் விடாதீர்கள்; அதுவே அடைப்பை வளர்க்கும். சத்திரசிகிச்சை என்று பேச்செழுந்தால், அளந்து பார்க்க வழியுண்டா என்று பணிவுடன் கேளுங்கள். அளவும் உணர்வும் முரண்பட்டால், நோயாளி பொய் சொல்கிறார் என்று மட்டும் எண்ணற்க. கருவி காற்றை அளக்கும். துன்பத்தை அவர்தாம் சொல்லவேண்டும். இரண்டையும் கேட்பதே நல்ல வைத்தியம்.