தண்ணியில நின்ற வண்டியும் நம்ம பேர்ல உள்ள கடனும்

(ஓடைப்பட்டியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வண்டி இன்சூரன்ஸ். "வண்டி விஷயமெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வண்டிக் கடன் யார் பேரில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டது நாம். தவணை தவறினால் குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

திராட்சையும் காய்கறியும் ஏற்றும் குட்டியானை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் ஆட்டோ, வாடகைக்கு ஓடும் கார், வேலைக்குப் போக ஸ்கூட்டி என்று நம் வீடுகளுக்கு வண்டிகள் வந்துவிட்டன. சாவி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. கடன் புத்தகம் நம் கையில் இருக்கிறது. அப்படியென்றால் இன்சூரன்ஸ் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம்ம பக்கம் வெள்ளம் வருமா?

"மழைக்கே ஏங்குற ஊரு, இங்க எங்க வெள்ளம் வரப்போகுது?" என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் சேர்ந்து அடையாற்றுக் கரையெல்லாம் மூழ்கியது. வீட்டு வாசலில் நிறுத்திய கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மறுபடியும் மிதந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அது சென்னை இல்லை, நம்மைப் போன்ற தென்மாவட்டம். 2025 அக்டோபரில் மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் கூட்டாறில் நிறுத்தியிருந்த வேனை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

நம் வண்டிகள் ஊருக்குள்ளேயே நிற்பதும் இல்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் கேரளாவுக்கும் போகின்றன. ஓடையில் ஒரு மணி நேரம் காட்டாற்று வெள்ளம் வந்தாலும் போதும், தரைப்பாலத்தில் மாட்டிய வண்டி அம்புட்டுதான்.

சாவியைத் திருப்பாதீங்க

தண்ணியில் நின்ற வண்டிக்கு முதல் சேதம் வெள்ளத்தால் வருகிறது. இரண்டாவது சேதம் நம் அவசரத்தால் வருகிறது. இரண்டாவதுதான் பெரும்பாலும் பெரிய செலவு.

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடி காற்றை அழுத்துகிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் தண்ணீரில் போய் முட்டும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில சமயம் இன்ஜின் பிளாக்கே உடைந்துவிடும். சுத்தம் செய்து ஓட்டியிருக்க வேண்டிய வண்டிக்கு இன்ஜினையே இறக்கி வேலை பார்க்க வேண்டி வரும். 2015-ல் சென்னையில் தண்ணி வடிந்ததும் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தண்ணியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, தள்ளியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஓடும்போது தண்ணியில் நின்றுவிட்டாலும் மறுபடி சாவி போடக் கூடாது. பாதுகாப்பாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்தோ வேறு வண்டியில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

எவ்வளவு தண்ணி, எவ்வளவு வேலை?

தண்ணீர் டயரின் பாதி வரை நின்றிருந்தால் பெரும்பாலும் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, வீல் பேரிங்கில் கிரீஸ் மாற்றுவது போன்ற வேலைகளோடு முடியும்.

சீட் வரை ஏறியிருந்தால் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆயில் அளக்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணி கலந்துவிட்டது என்று அர்த்தம். டீசல் டேங்க்கையும் இறக்கிக் கழுவ வேண்டும். செல்ஃப் மோட்டார், டைனமோ கழற்றிக் காயவைக்க வேண்டும். சீட்டையும் தரை விரிப்பையும் எடுத்து வெயிலில் போட வேண்டும், இல்லையென்றால் நாற்றமும் துருவும் நிற்காது.

டேஷ்போர்டு வரை ஏறிவிட்டால் ஒயரிங்கும், வண்டியின் மூளையாக இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் போய்விடலாம். அங்கேதான் செலவு எகிறும். "செய்வதா, விடுவதா" என்ற கேள்வியும் அங்கேதான் வரும்.

காகிதத்தை வாசிக்கத் தெரியணும்

"எங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த இன்சூரன்ஸ்? நம் பகுதிக் குழுவில் ஒரு சகோதரி தன் வண்டிக் காகிதத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் சொந்த வண்டிச் சேதம் என்ற இடத்தில் பூஜ்யம். அந்த வண்டி வெள்ளத்தில் போயிருந்தால் ஒரு ரூபாய் வந்திருக்காது.

இரண்டு வகையைப் புரிந்துகொள்ளுங்கள். முதலாவது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் அடுத்தவருக்கு அடிபட்டாலோ, உயிர் போனாலோ, அவர் பொருளுக்குச் சேதம் வந்தாலோ அதைக் கொடுக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் நம் வண்டி வெள்ளத்தில் மூழ்கினால், திருடு போனால், எரிந்தால் இதில் எதுவும் கிடையாது.

இரண்டாவது, சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது. 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' என்பார்கள். வெள்ளம், புயல், தீ, திருட்டு, விபத்து எல்லாம் இதில் வரும்.

காகிதம் இங்கிலீஷில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'ஓன் டேமேஜ்' என்ற வார்த்தைக்கு எதிரே தொகை இருக்கிறதா, இன்று தேதிக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருந்தால் அது மூன்றாம் நபர் மட்டும்தான்.

ஸ்கூட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டுக்கும், புது சொந்தக் காருக்கு 3 ஆண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதோடு தரும் சொந்தச் சேதக் காப்பீடு பல நேரம் 1 ஆண்டுக்கு மட்டும் இருக்கும். "அஞ்சு வருஷம் இருக்கே" என்று நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டாவது வருஷமே பாதி பாதுகாப்பு போயிருக்கும்.

பணம் கட்டினா முழுசும் வருமா?

வராது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டிக்கு வயது ஏற ஏற அதன் காப்பீட்டு மதிப்பு குறையும். முதல் ஆண்டில் 15 சதவீதம் வரை, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை கழிப்பார்கள். ரிப்பேரில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதிதான் கொடுப்பார்கள். இரும்புச் சாமானுக்கு வயதுக்குத் தக்கபடி கழிப்பார்கள்.

உதாரணத்துக்கு, இரண்டு வயது தாண்டி மூன்று முடியாத ஒரு சின்ன காருக்கு 40,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். இரும்புச் சாமான் 20,000, பிளாஸ்டிக் 10,000, கூலி 10,000. இரும்பில் 15 சதவீதம், அதாவது 3,000 கழியும். பிளாஸ்டிக்கில் 5,000 கழியும். நம் பங்காக 1,000 போகும். கைக்கு வருவது 31,000. முழுசும் இல்லை, ஆனால் வட்டிக்கு வாங்காமல் வண்டி மறுபடி ஓடும்.

இன்ஜின் விஷயத்தில்தான் தகராறு வரும். தண்ணியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், "இது வெள்ளத்தால் நேராக வந்த சேதம் இல்லை" என்று கம்பெனி மறுக்கலாம். அதற்கென்று தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. வண்டி புதிதாக இருக்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம்.

ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டம் என்று கணக்காகும். கடன் வண்டியாக இருந்தால் அந்தப் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். அதுவும் நமக்கு நல்லதுதான், கடன் குறைகிறதே!

கட்டுவது லாபமா?

சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கே பெரிய தொகை கட்டுகிறோம். 7,500 கிலோ வரை உள்ள நாலு சக்கர சரக்கு வண்டிக்கு 2022-ல் நிர்ணயித்த தொகை வரி இல்லாமல் 16,049 ரூபாய். "இதுக்கு மேலயும் கட்டணுமா?" என்ற சலிப்பில் சொந்தச் சேதத்தை விட்டுவிடுகிறோம்.

கணக்குப் போடுவோம். வண்டி மதிப்பு 4 லட்சம், சொந்தச் சேதத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 17 ரூபாய்கூட இல்லை. 4 லட்சம் வண்டி ஒரு ராத்திரியில் போனால் குழுவில் யாரால் தாங்க முடியும்? வண்டி ஓடாவிட்டாலும் தவணை நிற்காதே.

அதே சமயம், கடன் முடிந்த பழைய வண்டி, விற்றால் 50,000 தேறும் என்றால், சொந்தச் சேதத்துக்குக் கட்டுவதை நிறுத்தி அந்தப் பணத்தைக் குழுவில் சேமிப்பாகப் போடலாம். மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எந்தக் காலத்திலும் விடக் கூடாது. தாங்கக்கூடிய நஷ்டத்துக்குச் சேமிப்பு போதும். தாங்க முடியாத நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும். இந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டால் யார் வந்து என்ன பாலிசி விற்றாலும் நம்மால் முடிவெடுக்க முடியும்.

வெள்ளம் வந்துவிட்டால்

1. நம்பர் பிளேட் தெரியும்படி, தண்ணி நின்ற உயரம் தெரியும்படி செல்போனில் போட்டோ எடுங்கள்.

2. பாலிசியில் உள்ள நம்பருக்கு அன்றே போன் செய்யுங்கள். அவர்கள் தரும் பதிவு எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

3. சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கவோ சாமான் மாற்றவோ வேண்டாம்.

4. ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, வாடகை வண்டியாக இருந்தால் எஃப்.சி., பெர்மிட் எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் கம்பெனி மறுக்க அதுவே காரணமாகும்.

5. மறுத்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்னும் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு மூழ்கிய வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து மலிவு விலையில் விற்பனைக்கு வரும். பழைய வண்டி வாங்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் துரு, உள்ளே ஈர வாடை இருந்தாலும் வாங்க வேண்டாம்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்துக்கு வண்டி உள்ள ஒவ்வொரு உறுப்பினரும் பாலிசி நகலைக் கொண்டுவர வேண்டும். முடியும் தேதியை ஊக்குநர் நோட்டில் எழுதி, ஒரு மாதம் முன்னாலேயே ஞாபகப்படுத்த வேண்டும். வண்டிக் கடன் கொடுக்கும்போது, கடன் முடியும் வரை சொந்தச் சேதக் காப்பீடு இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கலாம். இவற்றை இன்றே தீர்மான நோட்டில் எழுதிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் எல்லாக் குழுவிலும் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். மழை இறங்கின பிறகு எடுக்கிற பாலிசி, முன்னால் மூழ்கின வண்டிக்கு உதவாது.