காளையார்கோயில் கற்பித்த பாடம்



நெப்போலியன் 1800இல் மாரங்கோவில் வென்றதை நம் மாணவர் ஒப்பிக்கின்றனர். மறு ஆண்டு நம் வாயிலிலேயே நிகழ்ந்த போரை அறியார்!

நரிக்குடிக்கு அண்மையில் உள்ள முக்குளத்தில் பிறந்தோர் மருதிருவர். 1801 சூன் 16இல் திருச்சிராப்பள்ளியில் அவர்கள் ஒட்டுவித்த அறிக்கை, நாவலந்தீவின் எல்லாச் சாதியாரையும் விளித்தது. நம் ஒற்றுமையின்மையே வெள்ளையர்க்கு நாட்டைத் தந்தது என்று இடித்துரைத்தது.

அந்த ஆண்டிலேயே காளையார்கோயிற் காட்டை ஆக்னியூவின் படை ஏறத்தாழ ஒரு திங்கள் வெட்டியது; வழி காணாது திரும்பியது. கோடரியால் இயலாததைச் சூழ்ச்சி முடித்தது. படமாத்தூர் உடையத்தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து மக்களைப் பிளந்தனர். அக்டோபர் 1இல் காளையார்கோயில் வீழ்ந்தது. 24இல் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர்.

சிவகாசித் தொழிலாளத் தோழர்களே! வெடியுப்பும் கந்தகமும் கரியும் தனித்தனியே கிடந்தால் வெடிக்குமோ? நீங்கள் அறியாததா?

அவ்வீரரின் நினைவு நாளையும் நாம் சாதிக்கொரு கொடியாய்க் கூறுபோடுகின்றோம். தூக்குமேடையினும் கொடிது இது! வரும் அக்டோபர் 24இல் ஊர்தோறும் ஒரே பந்தலில் கூடுங்கள். அவ்வறிக்கையை உரக்கப் படியுங்கள்.

வாழ்க தமிழ்!